மேடை, வானொலி, தொலைக்காட்சி: நாடக எழுத்தாளர் சறுக்கும் இடங்கள்

மதுரையில் நாடகம் எழுத வருகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, வாசலில் நடப்பதைப் பார்க்காமல் புத்தகத்தில் நாடகத்தைத் தேடுவது. 1918-இல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியது இந்த ஊரில்தான். அவருடைய 'வள்ளி திருமணம்' இன்றும் சுற்றுவட்டாரத் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகமாக விடிய விடிய நடக்கிறது. நாயகனாக வரும் ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியாக வரும் ஸ்திரீபார்ட் வேறு ஊர், ஒத்திகையே கிடையாது. வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம், நடிகர்களின் வாய்ச்சாமர்த்தியத்தைப் பொறுத்து நீளும், சுருங்கும். அதை முழுதாக உட்கார்ந்து பார்த்தவர், நடிகருக்கு மூச்சுவிட இடமில்லாத வசனம் எழுத மாட்டார். கோமாளியான பபூன் வந்ததும் டீக்கடைக்கு எழுந்து போய்விடாதீர்கள். தூங்கி வழியும் கூட்டத்தை நிமிர்த்தி உட்கார வைக்கும் வித்தை அவரிடம்தான் இருக்கிறது.

அடுத்தது, மேடையில் கைதட்டல் வாங்கிய பிரதியை அப்படியே வானொலிக்கு அனுப்புவது. "இதோ, இதைப் பார்த்தாயா?" என்று மேடையில் கேட்டால், கையில் இருப்பது கடைசி வரிசைக்கும் தெரியும். வானொலியில் எதைப் பார்ப்பது? இதற்குப் பயந்து மறுபக்கம் சாய்பவர்களும் உண்டு: "என்ன முருகேசா, கையில் அரிவாளோடு, கண் சிவக்க ஓடி வருகிறாயே!" எந்த மனிதன் இப்படிப் பேசுகிறான்? "அரிவாளைக் கீழே போடு, முருகேசா" என்றால் போதும். ஆளும் ஆபத்தும் ஒரே வரியில் வந்துவிட்டன. ஒத்த வயதுடைய நான்கு ஆண்களை ஒரே காட்சியில் பேசவிட்டால், கேட்பவருக்கு யார் யாரென்றே பிடிபடாது. வெகுநேரம் பேசாமல் நிற்கும் பாத்திரம் வானொலியில் இல்லாத பாத்திரம்தான். இன்னொரு சின்ன விஷயம்: ஒரு வசனத்தைப் பாதியில் வெட்டி அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பேசிக்கொண்டே தாளைப் புரட்டும் சத்தம் ஒலிவாங்கியில் விழும்.

தொலைக்காட்சியில் வசனத்தைக் குறைக்கத் தெரியாதவர்தான் திண்டாடுவார். முகம் சொல்லிவிட்டதை வாயும் சொல்ல வேண்டாம். தினத்தொடர் என்றால் கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்று வேலை பிரிந்திருக்கும். நடிகரின் தேதி கிடைக்காவிட்டால் காலையில் எழுதிய காட்சி மதியமே மாறும். "என் வரியில் கைவைக்காதே" என்ற பிடிவாதம் அங்கே செல்லாது.

இவற்றையெல்லாம் விடக் கொடுமை, "நமக்குள் எழுத்தெல்லாம் எதற்கு, அண்ணே" என்ற பேச்சை நம்பி நாடகத்தைத் தூக்கிக் கொடுப்பது. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி உரிமை மாற்றம் எழுத்தில், உரிமையாளரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் அந்த உரிமை 5 ஆண்டுகளுக்குத்தான். இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். மேடை, வானொலி, தொலைக்காட்சி ஒவ்வொன்றுக்கும் உரிமையைத் தனித்தனியே எழுதிக் கொடுங்கள். "அனைத்து ஊடகங்களிலும், நிரந்தரமாக" என்று ஒரு வரி பொடி எழுத்தில் ஒளிந்திருந்தால், முன்பணத்தைத் தொடும் முன்பே அதை நீக்கச் சொல்லுங்கள்.