சாஃப்ட்னர் மாட்டும்போது எங்கே தவறுகிறோம்?

ஹீட்டருக்குள் சுண்ணாம்பு கட்டி கட்டியாகப் படிகிறது, ஷவர் துளைகள் அடைத்துக்கொள்கின்றன, சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது. கடின நீரை மென்னீராக மாற்றும் வாட்டர் சாஃப்ட்னர் வாங்கலாம் என்ற முடிவு சரிதான். ஆனால் பல வீடுகளில் பிளம்பர் குழாயில் கை வைப்பதற்கு முன்பே தவறு நடந்துவிடுகிறது.

முதல் தவறு, டிடிஎஸ் மீட்டரை நம்பி வாங்குவது. அந்த மீட்டர் காட்டுவது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்புகளையும் சேர்த்த உத்தேசக் கணக்கு. கடினத்தன்மைக்குக் காரணமோ முக்கியமாகக் கால்சியமும் மெக்னீசியமும்தான். சாஃப்ட்னரில் உள்ள ரெசின் என்ற சிறு மணிகள் இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகின்றன. அதனால் மாட்டிய பிறகும் டிடிஎஸ் குறையாது. உப்புக் கரிக்கும் தண்ணீர் கரித்துக்கொண்டுதான் இருக்கும். ஆகவே தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்து மொத்தக் கடினத்தன்மையைக் கேளுங்கள். லிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினால் அது மிகக் கடினமான நீர். அப்படியே இரும்பு எவ்வளவு என்றும் பார்த்துவிடுங்கள். பிடித்து வைத்த தண்ணீர் சில மணி நேரத்தில் பழுப்பாக மாறினால், சாஃப்ட்னருக்கு முன்னால் இரும்பு ஃபில்டர் ஒன்று தேவைப்படலாம். இல்லாவிட்டால் ரெசின் வீணாகும்.

அடுத்தது அளவு. நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு 600 லிட்டர் செலவாகிறது, கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ரெசின் தினமும் 240 கிராம் பிடிக்க வேண்டும். ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் பிடிக்கும் என்று கொண்டால், 25 லிட்டர் ரெசின் ஐந்து நாள் தாங்கும். விலை குறைவு என்று 10 லிட்டர் வாங்கினால் இரண்டு நாளுக்கு ஒருமுறை உப்புநீர் விட்டு ரெசினைக் கழுவ வேண்டிவரும்.

தண்ணீரின் அழுத்தத்தை யாரும் யோசிப்பதே இல்லை. பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து மூன்று மீட்டர் இறங்கும் தண்ணீருக்கு 0.3 பார்தான். தானியங்கி வால்வு உள்ள மெஷினுக்கு இது போதவே போதாது. பிரஷர் பம்ப் வேண்டும். மோட்டார் லைனிலேயே மாட்டுவதானால், மோட்டார் தள்ளும் வேகத்தை அந்த மெஷின் தாங்குமா என்று பாருங்கள். வேகம் கூடினால் ரெசினில் நிற்க நேரமில்லாமல் தண்ணீர் கடினமாகவே வெளியே வந்துவிடும்.

செடிகளுக்குப் போகும் குழாயைச் சாஃப்ட்னருக்கு முன்பே பிரித்துவிடுங்கள். சமையலுக்கும் குடிக்கவும் அப்படியே. 400 கடினத்தன்மையை நீக்கினால் லிட்டருக்கு ஏறக்குறைய 184 மில்லிகிராம் சோடியம் சேர்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் இதை அலட்சியப்படுத்தவே கூடாது. ரெசினைக் கழுவிய நீர் வெளியேறும் கழிவுக் குழாயைச் சாக்கடைக்குள் செருகாமல், இடைவெளி விட்டு மேலே நிறுத்துங்கள். மெஷினுக்குள் போகாமல் தண்ணீரை நேராக வீட்டுக்குத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் மெஷின் பழுதாகும் அன்று வீட்டுக்கே தண்ணீர் நின்றுவிடும்.

மாட்டி முடித்ததும் குளித்துப் பார்த்து உடம்பு வழவழவென்று இருந்தால் பயப்பட வேண்டாம், மென்னீர் அப்படித்தான். அப்புறம், கடினத்தன்மை சோதிக்கும் சொட்டுமருந்து கிட் ஒன்று வாங்கி வையுங்கள். அடுத்த கழுவலுக்கு முந்தின நாள் சாஃப்ட்னரிலிருந்து வரும் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். அப்போதே கடினம் தெரிந்தால், கழுவும் இடைவெளியை ஒரு நாள் குறைத்து வையுங்கள்.