வேலைநாள் இரவுக்கு ஒரு கோவா வறை

வேலை முடிந்து மாலை மங்கிய பின் வீடு திரும்புபவர்கள், சோறு வெந்து முடிவதற்குள் மரக்கறி ஒன்றைச் சமைத்து இறக்குவதற்கு, அரிந்த மரக்கறியைத் திருவிய தேங்காயுடன் ஈரமின்றிப் பிரட்டி எடுக்கும் வறையை விட வசதியான வழி இல்லை. தேங்காய்ப்பால் பிழிய வேண்டியதில்லை, புளி கரைக்க வேண்டியதில்லை, அடுப்பில் இருக்கும் நேரமும் பத்து நிமிடத்தைத் தாண்டாது. ஆயினும் பல வீடுகளில் வறை என்ற பெயரில் மேசைக்கு வருவது, தண்ணீர் விட்டுச் சோர்ந்துபோன அவியல்தான். வறை சரிவருவதும் பிழைப்பதும் ஈரத்தைப் பொறுத்தது என்பதால், மற்றவற்றைச் சுருக்கி அதையே இங்கு விரிவாகச் சொல்கிறேன்.

நான்கு பேருக்கு 400 கிராம் கோவாவும் (முட்டைக்கோஸ்) நடுத்தர அளவுள்ள கரட் ஒன்றும் போதும். இவற்றோடு சின்ன வெங்காயம் பத்து, பச்சைமிளகாய் மூன்று, செத்தல் மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை ஒரு நெட்டு, கடுகும் பெருஞ்சீரகமும் அரைத் தேக்கரண்டி வீதம், மஞ்சள் கால் தேக்கரண்டி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, தேங்காய்ப்பூ ஐந்து மேசைக்கரண்டி, உப்பு, பாதித் தேசிக்காய் ஆகியன தேவைப்படும். கோவா ஆண்டு முழுவதும் மலைநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தாலும், மாரிமழை ஓய்ந்தபின் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் வெட்டி அன்றே அங்குள்ள சுன்னாகம், திருநெல்வேலிச் சந்தைகளுக்கு வரும் கோவாவின் இனிப்பு தனியானது. அது கிடைக்கும் காலத்தில் மிளகாயைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

கோவாவை அரிந்த பின் கழுவுவதுதான் முதற் பிழை. மெல்லிய கீற்றுகளுக்கிடையே தங்கும் நீர் எவ்வளவு உதறினாலும் போகாது. அது தாச்சியில் ஆவியாகி மரக்கறியை அவித்துவிடும். மருந்து அடித்திருக்கும் என்ற ஐயம் இருந்தால், வெளி இலைகள் இரண்டு மூன்றைக் கழற்றி எறிந்து, கோவாவை நான்காகப் பிளந்து உப்பும் மஞ்சளும் கலந்த நீரில் ஐந்து நிமிடம் விட்டெடுத்து, வெட்டுமுகம் கீழே இருக்கும்படி வடிதட்டில் கவிழ்த்து வையுங்கள். வெங்காயம் உரித்து, மிளகாய் கீறி, தேங்காய் திருவி முடிப்பதற்குள் நீர் வடிந்துவிடும். அதன் பின்னர் நடுத்தண்டை நீக்கி, கோவாவை நூல்போல் அரியுங்கள். கரட்டும் அதே மென்மைக்கு வர வேண்டும். தடித்த துண்டொன்று இருந்தால் அது வேகும் வரை காத்திருக்கும் நேரத்தில் மற்றதெல்லாம் குழைந்துவிடும்.

அகன்ற தாச்சியை நன்றாகச் சூடேற்றி எண்ணெய் விட்டு, கடுகு வெடித்ததும் பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம், பச்சைமிளகாய் என்ற ஒழுங்கில் சேர்க்க வேண்டும். வெங்காயம் பொன்னிறமாகும் வரை நிற்க வேண்டாம், கண்ணாடிபோல் ஆனாலே போதும். இனிக் கரட்டைப் போட்டு ஒரு நிமிடம் கிளறி, கோவாவையும் மஞ்சளையும் சேர்த்து, நெருப்பைக் குறைக்காமல், அகப்பையால் அடியிலிருந்து மேலாகப் புரட்டிக்கொண்டிருங்கள். மூடி போடக் கூடாது. மூடியில் படியும் நீர்த்துளிகள் திரும்பவும் கறிக்குள்ளேயே விழும். ஏழெட்டுப் பேருக்குச் சமைப்பதாயின் ஒரே தாச்சியில் குவிக்காமல் இரண்டு தடவையாகச் செய்வதே நல்லது, ஏனெனில் மரக்கறி குவிந்தால் தாச்சியின் சூடு இறங்கிவிடும்.

உப்பை முதலிலேயே போட்டால் அது மரக்கறியிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும். ஆகவே மூன்று நான்கு நிமிடம் கழிந்து, கோவா பாதியாக ஒடுங்கி, ஓரங்களில் அங்கங்கே இலேசான பழுப்பு தெரியும்போதுதான் உப்பைத் தூவ வேண்டும். அந்த நேரத்தில் தாச்சியின் ஓசையைக் கவனியுங்கள்: சடசடவென்ற சத்தம் தொடர்ந்தால் எல்லாம் சரி, கொதிப்பதுபோன்ற மெல்லிய சத்தமாக மாறினால் நீர் விட்டுவிட்டது என்று பொருள், உடனே நெருப்பைக் கூட்ட வேண்டும். உப்பிட்டு ஒரு நிமிடத்தில் தேங்காய்ப்பூவைத் தூவி, அதன் பச்சை வாசம் போகுமளவுக்கு மட்டும் பிரட்டி இறக்குங்கள். பைக்கற்றில் வரும் உலர்ந்த தேங்காய்த்துருவல் இதற்கு ஒத்துவராது. வாயில் மரத்தூள்போல் நிற்கும். தேசிக்காய்ப்புளியை இறக்கிய பின்னரே விடுங்கள், அடுப்பில் வைத்து விட்டால் கசக்கும்.

இதே முறையில் போஞ்சி, பயற்றங்காய், லீக்ஸ் ஆகியவற்றையும் வறுக்கலாம்; போஞ்சிக்கும் பயற்றங்காய்க்கும் மூன்று நிமிடம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். முருங்கையிலைக்கோ வேகும் நேரம் குறைவு, உப்பும் குறைவு, ஏனெனில் கைநிறைய இருந்த இலை தாச்சியில் ஒரு பிடியாகிவிடும்.

சோற்றுக்கும் பருப்புக்கும் மட்டுமன்றி, புட்டுக்கும் பாணுக்கும் இது பொருந்தும். தேங்காய் சேர்ந்த வறை நமது வெக்கையில் விடியும்போது புளித்துவிடும் என்பதால், மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கும் வேண்டுமானால் தேங்காய்ப்பூ சேர்ப்பதற்கு முன்பே ஒரு பகுதியை எடுத்து ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலையில் சூடாக்கும்போது புதிதாகத் திருவிய தேங்காய்ப்பூவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.