அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்தில் இசை மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரின் மல்லேசுவரத்திலும் இந்திரா நகரிலும் சிறு வயது முதல் வாய்ப்பாட்டோ வயலினோ மிருதங்கமோ கற்ற தமிழ்ப் பிள்ளைகள் பலர், பன்னிரண்டாம் வகுப்பை எட்டியதும் அமெரிக்காவின் முன்னணிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். அவர்களுள் நன்றாகப் பாடக்கூடியவர்கள்கூட, கர்நாடக இசையை முன்பின் கேட்டிராத ஒருவர் முன் அதை எப்படி வைப்பது என்று யோசிக்காமலேயே விண்ணப்பத்தை அனுப்பிவிடுகிறார்கள்.

இசையையே பட்டமாகப் படிப்பதா, பொருளாதாரமோ பொறியியலோ படித்துக்கொண்டே இசையைத் தொடர்வதா என்பதை முடிவு செய்யாமல் கல்லூரிப் பட்டியல் போடுவது முதல் தவறு. இசைக் கல்லூரிகளில், பாடியோ வாசித்தோ காட்டும் ஆடிஷன்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. ஆனால் நியூயார்க்கில் உள்ள ஜூலியார்டு கலைக் கல்லூரியின் இசைப் பிரிவில் மேற்கத்தியச் செவ்வியல் இசையும் ஜாஸுமே கற்பிக்கப்படுவதால், கர்நாடக வயலின் மட்டுமே கற்றவர் அங்கே விண்ணப்பிப்பதில் பயனில்லை. ஹார்வர்டு, யேல் போன்ற பல்கலைக்கழகங்களில் பள்ளிப் படிப்பே முதலில் எடைபோடப்படுகிறது. ஒலிப்பதிவு விருப்பத்தின் பேரில் சேர்க்கும் இணைப்பு மட்டுமே. பாட்டு நன்றாக இருந்தால் கணக்கில் குறைந்த மதிப்பெண்ணைக் கண்டுகொள்ளமாட்டார்கள் என்று பெற்றோர் நம்பியிருப்பது ஆபத்தானது. ஹார்வர்டும் யேலும் உள்ளிட்ட ஐவி லீக்கின் எட்டுப் பல்கலைக்கழகங்களும் திறமைக்கென்று உதவித்தொகை தருவதில்லை, குடும்பத்தின் பொருளாதார நிலையைப் பார்த்தே உதவி தருகின்றன என்பதையும் முன்னரே தெரிந்துகொள்ள வேண்டும்.

மிக அதிகமான பிழைகள் ஒலிப்பதிவில்தான் நிகழ்கின்றன. இசைப்பதிவை ஏற்கும் கல்லூரிகள் பலவும் சுமார் 10 நிமிடப் பதிவையே எதிர்பார்க்கின்றன. அதைக் கேட்கும் இசைத்துறை ஆசிரியர் கடைசிவரை கேட்பார் என்ற உறுதியும் இல்லை. நம் மாணவரோ, ராமநவமிக் கச்சேரியில் பாடிய கல்யாணி ராகத்தை முழுதாக அனுப்புகிறார். சுருதி சேர்ப்பதிலும் மைக்கைச் சரிசெய்வதிலும் தொடக்கம் கழிய, நிதானமாக வளரும் ஆலாபனை களைகட்டுவதற்குள் கேட்பவர் அடுத்த விண்ணப்பத்துக்குப் போயிருப்பார். ஆலாபனையில் ஓரிரு நிமிடம், கிருதியில் ஒரு பகுதி, கொஞ்சம் கற்பனைஸ்வரம் என்று தேர்ந்தெடுத்து வைத்து, எது இயற்றப்பட்டது, எது அந்த நேரத்துக் கற்பனை என்று இரண்டு வரியில் குறிப்பிட்டால், நம் இசையை அறியாதவருக்கும் மாணவரின் மனோதர்மம் புலப்படும். மிருதங்க மாணவர் பெரிய பாடகர் ஒருவருக்கு வாசித்த பதிவை அனுப்பினால், கேட்பவரின் கவனம் பாடகர் மீதே போகும். மிருதங்கம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தை முதலில் வைத்து, பாட்டுக்கு வாசித்த பகுதியை அதன் பின் சேர்ப்பதே பொருத்தம். மென்பொருளால் சுருதியைத் திருத்துவதும் எதிரொலி சேர்ப்பதும் சந்தேகத்தையே வளர்க்கும். நல்ல கைபேசியும், தெருவில் ஹாரன் சத்தம் தொடங்குவதற்கு முந்தைய விடியற்காலையும் போதும் (பெங்களூரில் இரண்டாவதுதான் அரிது). பதினொரு வயதில் தொலைக்காட்சிப் போட்டியில் பாடியதை, குரல் உடைந்து மாறிய பிறகும் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கல்லூரி கேட்க விரும்புவது இன்றைய குரலை.

பல கல்லூரிகளுக்கும் பொதுவான ‘காமன் ஆப்’ விண்ணப்பப் படிவத்தில் பத்துச் செயல்பாடுகளுக்கு இடம் உண்டு. ஒவ்வொன்றின் விளக்கத்துக்கும் 150 எழுத்துகள். பத்து இடங்களையும் பத்துக் கச்சேரிகளால் நிரப்புவதைவிட, பயிற்சி, மேடை, கற்பித்தல் என்று இசையை இரண்டு மூன்று இடங்களில் தொகுத்துக் காட்டுவது நல்லது. கர்நாடக மாநிலத்தின் ஜூனியர், சீனியர் இசைத் தேர்வுகள் என்னவென்று பாஸ்டனில் விண்ணப்பத்தைப் படிப்பவருக்குத் தெரியாது. அவற்றின் தரத்தை அந்தச் சில சொற்களுக்குள் உணர்த்த வேண்டும்.

குருவின் பரிந்துரைக் கடிதத்தில் ‘சரஸ்வதி கடாட்சம் பெற்ற பிள்ளை’ என்ற புகழ்ச்சியால் எதுவும் விளங்குவதில்லை. ஒரு பல்லவியைக் கீழ்க்காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், நிறுத்தத் திணறியவர் எப்படி உழைத்து அதைச் சாதித்தார் என்ற ஒரு பத்தி அதைவிட மதிப்புள்ளது. கடிதத்தைப் பெற்றோரே எழுதிக் குருவிடம் கையெழுத்து மட்டும் வாங்குவது நேர்மையற்றது. மாணவரின் கட்டுரையும் கடிதமும் ஒரே நடையில் இருந்தால் அது எளிதில் பிடிபடும். 650 சொற்களுக்குள் எழுதும் அந்தக் கட்டுரையிலும் அரங்கேற்ற நடுக்கத்தைத் தவிர்க்கலாம். அதைப் பலரும் எழுதிவிட்டார்கள்.

தரவரிசையை மட்டும் பார்த்துக் கல்லூரி தேர்ந்தெடுப்பவர்கள், நம் இசை ஏற்கெனவே வேரூன்றிய இடங்களைத் தவறவிடுகிறார்கள். கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1960களிலிருந்தே கர்நாடக இசை கற்பிக்கப்படுகிறது. பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் சகோதரர்களான மிருதங்க வித்வான் ரங்கநாதனும் புல்லாங்குழல் வித்வான் விஸ்வநாதனும் அங்கே ஆசிரியர்களாக இருந்தவர்கள்.

முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களுக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி நாள். இசைப்பதிவுக்குத் தனிக் கெடு இருக்கிறதா என்பதை ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அரையாண்டுப் பாடங்களின் நெருக்கடியில் அக்டோபரில் பதிவு செய்யாமல், பதினொன்றாம் வகுப்பு முடிந்து வரும் கோடை விடுமுறையிலேயே பதிவை முடித்துவிட்டால், குரு கேட்டுக் குறை சொல்லவும் மறுபடி பாடவும் நேரம் இருக்கும்.