குழுவை விட்டு ஒருவர் விலகும்போது: கட்டற்ற மென்பொருள் செய்பவர்களுக்கு

ஒரு புதன்கிழமை காலையில் எங்கள் தமிழ்ப் பிழைதிருத்தியின் தளம் திறக்கவில்லை. சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர்தான், காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்கள் எல்லாம் திட்டத்தைத் தொடங்கிய அண்ணனின் பழைய கல்லூரி முகவரிக்குப் போயிருக்கின்றன. அவர் படித்து முடித்ததும் அந்த முகவரியை மூடிவிட்டார்கள். போன் போட்டுக் கேட்கலாம் என்றால் அவர் எங்களோடு பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. பேச்சு நின்றதற்குக் காரணம் 'ஜ' என்ற ஒரே எழுத்து.

மதுரை அண்ணா நகரில் ஒரு மாடி அறையில் சனிக்கிழமை மாலைகளில் கூடுகிற ஆறு பேர் நாங்கள். 'பஜார்', 'ஜன்னல்' என்று யாராவது கிரந்த எழுத்தான 'ஜ' போட்டு எழுதினால் சிவப்புக்கோடு போட்டு 'கடைத்தெரு', 'சாளரம்' என்று மாற்றுச் சொல் காட்ட வேண்டும் என்றார் அண்ணன். மக்கள் எழுதுகிற சொல்லைப் பிழை என்று சொல்ல நாம் யார், தட்டச்சுப் பிழையை மட்டும் காட்டுவோம் என்றோம் நாங்கள் மூன்று பேர். இரண்டிலும் நியாயம் உண்டு, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். மூன்று வாரம் பேசினோம். ஒரு ராத்திரி நான் என் மாற்றத்தை நானே மெர்ஜ் செய்தேன், அதாவது பொது நிரலோடு சேர்த்துவிட்டேன், காலையில் அவர் அதை ரிவர்ட் செய்து பழையபடி ஆக்கினார், 'இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டார். நான் செய்தது தப்பு.

யார் முடிவெடுப்பது என்று நாங்கள் பேசி வைத்ததே இல்லை. அதனால் எழுத்தைப் பற்றிய பேச்சு, திட்டம் யாருடையது என்ற சண்டையாகிவிட்டது. உங்கள் குழுவில் எல்லாரும் இன்னும் ஒன்றாக நின்று பருத்திப்பால் குடிக்கிற நிலையில் இருந்தால், இந்த வாரமே கீழே உள்ளதைச் செய்துவிடுங்கள்.

முதலில் சாவிகள்

ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்: டொமைன், அதற்குப் பணம் போகிற கார்டு, சர்வர், கிட்ஹப் (நிரலை வைத்திருக்கும் தளம்) ஆர்கனைசேஷன், பைபிஐ அல்லது என்பிஎம் (மற்றவர்கள் இறக்கிக்கொள்ள மென்பொருளை வெளியிடும் தளங்கள்) கணக்கு, குழுவின் மெயில், டெலிகிராம் ஆட்மின், நன்கொடை வாங்கினால் வங்கிக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே அது யார் கையில் இருக்கிறது என்று குறியுங்கள். ஒரே பெயர் மட்டும் இருக்கிற வரிகளில்தான் ஆபத்து இருக்கிறது. கிட்ஹப்பில் குறைந்தது இரண்டு ஓனர்கள் வேண்டும், கிட்ஹப்பே அதைத்தான் பரிந்துரைக்கிறது. ஆனால் கிட்ஹப்பில் ஓனராக இருப்பதால் பைபிஐயில் வெளியிட முடியாது, அது வேறு கணக்கு, வேறு அனுமதி, பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொள்வதும் உதவாது. 2024 முதல் பைபிஐயில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம், சரிபார்ப்பு எண் வருவது விலகிப் போனவருடைய போனுக்கு. இரண்டாவது ஆளுக்கு அவருடைய சொந்தக் கணக்கிலேயே ஓனர் அனுமதி கொடுத்துவிடுங்கள். டொமைனைக் குழு மெயிலுக்கு மாற்றுங்கள்.

அப்புறம் யார் முடிவெடுப்பது

என் ஊர் திருமங்கலம் பக்கம். மழையை நம்பிய கண்மாய். எந்த மடை முதலில் திறப்பது, யார் நீர்பாய்ச்சி, அவருக்கு எத்தனை மரக்கால் நெல் என்பது வரை தண்ணீர் வருவதற்கு முன்பே ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிடுவார்கள். தண்ணீர் வந்த பிறகு பேசினால் அவரவர் வயல்தான் கண்ணுக்குத் தெரியும்.

பெரிய திட்டங்களும் இதைச் சிரமப்பட்டுத்தான் கற்றிருக்கின்றன. பைத்தான் என்ற நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம், ':=' என்ற ஒரு குறியீட்டை மொழியில் சேர்ப்பது பற்றிய சச்சரவில் களைத்துப்போய், 2018 ஜூலையில் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்து யார் என்று அவர் சொல்லவில்லை. மிச்சமிருந்தவர்கள் அவசரப்படாமல் பல ஆட்சிமுறைகளை எழுதிவைத்து, டிசம்பரில் வாக்களித்து, ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழு முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஐந்து பேரில் ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த விதி அது, சின்னக் குழுவுக்கும் பொருந்தும்: ஒரே கல்லூரி, ஒரே அலுவலகம் என்று கூட்டம் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதி வைத்தால் யாரும் விலகவே மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்துக்கு 1998 முதலே எழுதப்பட்ட சட்டம் இருக்கிறது, தலைவரை வருடாவருடம் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படியிருந்தும் 2014இல் கணினி தொடங்கும்போது மற்ற நிரல்களை இயக்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருளை ஏற்பது பற்றிய பிரச்சினையில் நீண்ட காலம் உழைத்தவர்கள் சிலர் பொறுப்பை விட்டார்கள், டெவுவான் என்று ஒரு கிளையும் பிரிந்தது. ஆனாலும் டெபியன் நிற்கிறது, ஏனென்றால் முடிவு எந்த வழியில் எடுக்கப்படும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் ரெப்போவில் (நிரல் இருக்கும் கிடங்கு) இப்போது அரைப்பக்கக் கோப்பு ஒன்று இருக்கிறது. தன் மாற்றத்தைத் தானே மெர்ஜ் செய்யக் கூடாது. ஏழு நாளில் யாரும் மறுக்காவிட்டால் அது ஏற்கப்பட்டது. மறுப்பு வந்து, பேசியும் தீராவிட்டால் ஓட்டு. கடந்த ஒரு வருடத்தில் பங்களித்தவர்களுக்கு ஓட்டு உண்டு, சொல் சேர்த்தவருக்கும் ஆவணம் எழுதியவருக்கும் சேர்த்துத்தான். நடத்தை பற்றிய புகாரை இரண்டு பேர் விசாரிப்பார்கள், தலைவரையும் அவர்கள் கேள்வி கேட்கலாம். இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். 2021 நவம்பரில் ரஸ்ட் என்ற நிரல்மொழித் திட்டத்தின் நெறியாளர் குழு மொத்தமாக ராஜினாமா செய்தது, மேலிருக்கும் மையக் குழுவை யாருமே கேள்வி கேட்க முடியவில்லை என்ற காரணத்தைச் சொல்லித்தான்.

சண்டை ஏற்கெனவே வந்துவிட்டதா? சரி, அந்த விஷயத்தைத் தொடுகிற எல்லா மெர்ஜையும் நிறுத்துங்கள். எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்பதை நீங்கள் எழுதிக் காட்டுங்கள், 'ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்' என்று அவர் ஒப்புக்கொள்கிற வரைக்கும் திருத்துங்கள். முடிவுக்கு ஒரு தேதி வையுங்கள், அதை மறுபடி எடுத்துப் பார்க்கவும் ஒரு தேதி வையுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பதில் எழுதாதீர்கள்.

போகிறவரை அனுப்புவது

'ஏன் போகிறாய்' என்று விடாமல் கேட்காதீர்கள். ஒரு முறை கேளுங்கள், சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள், சொல்லாவிட்டால் விடுங்கள். வேலை, கல்யாணம், குழந்தை, சலிப்பு எல்லாமே போதுமான காரணங்கள்தான். அவரிடம் கேட்க வேண்டியது, எல்லாவற்றையும் ஒப்படைக்க ஒரு மணி நேரம். போன வருடம் எங்கள் தங்கை ஒருத்தி பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது, மாட்டுத்தாவணியில் ஆம்னி பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் மடியில் லேப்டாப்பை வைத்து ஒவ்வொரு கணக்காக மாற்றிக் கொடுத்தாள். பாதியில் நிற்கிற வேலைகள் மூன்று, அவளுக்கு மட்டுமே தெரிந்த ஸ்கிரிப்ட் ஒன்று, அது ஏன் 'ஔ'வில் தடுக்கும் என்பது, எல்லாம் எழுதி வாங்கினோம். அவளுடைய அனுமதிகளை அன்றைக்கே எடுத்தோம். இதைத் தயங்காமல் செய்யுங்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டும் செய்யுங்கள். நாளைக்கு அவர் கணக்கு திருடு போனாலும் பழி அவர் மேல் வராது.

பங்களித்தவர்கள் பட்டியலிலிருந்து அவர் பெயரை மட்டும் எடுக்காதீர்கள். எழுதியவருக்கு அந்த நிரலில் பதிப்புரிமை தொடர்கிறது. அவர் கொடுத்த லைசென்ஸின்படி நீங்கள் அதைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். ஆனால் பிற்பாடு லைசென்ஸை மாற்ற நினைத்தால், பெரும்பாலும் அவருடைய சம்மதத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

காலியான இடத்துக்கு முன்வருகிற முதல் ஆளிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். 2018இல் ஈவென்ட்ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் பேக்கேஜை அதன் ஆசிரியர் கேட்டுவந்த ஒருவரிடம் ஒப்படைத்தார். வந்தவர் பிட்காயின் திருடுகிற நிரலை உள்ளே நுழைத்தார். 2024 மார்ச்சில் வெளியே வந்த எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் விவகாரம் இன்னும் கொடுமை: களைத்திருந்த ஒற்றைப் பராமரிப்பாளரை மற்றவர்கள் மெயிலில் நெருக்க, உதவி செய்கிறேன் என்று வந்தவர் இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்துவிட்டு ரகசியக் கதவு வைத்தார். பங்களிக்க அனுமதி வேறு, வெளியிட அனுமதி வேறு. இரண்டாவதை மெதுவாகக் கொடுங்கள். களைத்துப்போன ஆளை யாராவது நெருக்கினால் நடுவில் போய் நில்லுங்கள்.

ஃபோர்க், அதாவது நிரலை எடுத்துக்கொண்டு தனித் திட்டமாகப் பிரிவது, என்றதும் பதற வேண்டியதில்லை. நோட் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் மென்பொருள்) திட்டத்திலிருந்து 2014 கடைசியில் பிரிந்த ஐஓஜேஎஸ், 2015 செப்டம்பரில் நோட் 4ஆகத் திரும்பவும் ஒன்று சேர்ந்தது. ஓப்பன் ஆஃபிஸிலிருந்து 2010இல் பிரிந்த லிப்ரே ஆஃபிஸ் திரும்பவில்லை, நன்றாக வாழ்கிறது. நிரலை எடுத்துப் போகலாம், பெயரை எடுத்துப் போக முடியாது, ஆகவே பெயரும் டொமைனும் யாருடையவை என்பதையும் அந்த அரைப்பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

அண்ணனை நாங்கள் ஆள் வைத்துக் கேட்கவில்லை. நானே திருப்பரங்குன்றத்தில் அவர் வீட்டுக்குப் போய், அன்றைக்கு ராத்திரி மெர்ஜ் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். டொமைனை மீட்க அவருடைய அடையாள ஆவணம் தேவைப்பட்டது, மறுநாளே அனுப்பினார். 'ஜ' விஷயத்தைப் புது விதிப்படி ஓட்டுக்கு விட்டோம்: மாற்றுச் சொல் காட்டுவது ஒரு தேர்வு, வேண்டியவர்கள் இயக்கிக்கொள்ளலாம், ஒரு வருடம் கழித்து மறுபடி பார்ப்போம். அவர் ஓட்டுப் போட வரவில்லை. ஆனால் மாற்றுச் சொல் பட்டியலில் விடுபட்ட நாற்பது சொற்களைச் சேர்த்து அனுப்பினார். அந்தக் கமிட், அதாவது அந்த மாற்றத்தின் பதிவு, அவர் பெயரில் இருக்கிறது.