நம்ம ஊர் பேண்டை கொண்டாடறேன்னு நாம பண்ற தப்புகள்

சேலத்துல ராக், பங்க் (வேகமா, கோபமா வாசிக்கற ஒரு வகை ராக்) எல்லாம் யாருங்க வாசிக்கறாங்கன்னு இன்னும் கேக்கறவங்க இருக்காங்க. காலேஜ் கல்ச்சுரல்ஸ், கஃபே மொட்டை மாடி, ஏற்காட்ல ஏதோ ஒரு ரிசார்ட் புல்தரைன்னு அங்கங்க நாலு பசங்க கிடார்ல டிஸ்டார்ஷனை (அந்த கரகர சத்தத்தை) ஏத்திவிட்டு வாசிச்சுட்டுதான் இருக்காங்க, கூட்டமும் வருது. வர்ற கூட்டம் நல்ல மனசோடதான் வருது, ஆனா பாட்டு நடுவுல "சேலம்டாஆஆ"ன்னு கத்தறப்போ கைதட்டல் ஊருக்குப் போகுதா பாட்டுக்குப் போகுதான்னே தெரியல. கீழ சொல்ற தப்பு முக்காவாசி இதுல இருந்துதான் வருது.

இருக்கறதுலயே பெரிய தப்பு, சினிமா பாட்டு கேக்கறது. நம்ம காது வளர்ந்த விதம் அப்படி, மேடைல மைக்கும் டிரம்ஸும் தெரிஞ்சா அது மெல்லிசைக் கச்சேரி, ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகைல துண்டுச்சீட்டுல பாட்டு பேரை எழுதி மேடைக்கு அனுப்பிப் பழகின கை. அந்தக் கச்சேரிக்காரங்களை குறை சொல்லல, ராத்திரி முழுக்க எந்தப் பாட்டு கேட்டாலும் வாசிக்கற ஆளுங்க அவங்க, அது ஒரு தனி வித்தை. ஆனா சொந்தமா எழுதி மெட்டு போட்டு வாசிக்கற பேண்டுகிட்ட அதையே எதிர்பார்த்தா எப்படி? மூணாவது பாட்டு முடிஞ்சு லைட் சூட்டுல கம்பி சுருதி இறங்கிப்போய் கிடாரிஸ்ட் குனிஞ்சு ட்யூன் பண்ணிட்டிருப்பான், டிரம்மர் முன்னாடி நழுவிப் போன பேஸ் டிரம்மை இழுத்து கீழ விரிச்ச கார்ப்பெட் மேல திரும்ப நிறுத்திட்டிருப்பான், அந்த அரை நிமிஷ அமைதில கரெக்டா பின்னாடி இருந்து ஒரு அண்ணன் "தம்பி, ராஜா சார் பாட்டு ஒண்ணு எடுத்து விடுப்பா"ம்பாரு. எல்லாரும் சிரிப்பாங்க, பாடறவனும் சிரிச்சு சமாளிச்சிடுவான், ஆனா அடுத்த ஷோவுக்கு அவனே ரெண்டு கவர், அதாவது அடுத்தவங்க பாட்டு, சேத்துக்குவான், அதுக்கு அடுத்த ஷோல நாலு, வருஷம் திரும்பறதுக்குள்ள சொந்தப் பாட்டு ரெண்டே ரெண்டு மிஞ்சும், அப்புறம் கல்யாண ரிசப்ஷன் புக்கிங்தான். போறதுக்கு முன்னாடி வீட்ல அவங்க பாட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போங்க, அந்தப் பாட்டு பேரை சொல்லிக் கத்துங்க. மேடைல இருக்கறவன் மூஞ்சி எப்படி மாறுதுன்னு பாருங்க.

அடுத்தது உரிமை கொண்டாடறது. பேஸ் வாசிக்கறவரோட பாட்டி ஆத்தூர்க்காரங்கன்னு ஒரு துப்பு கிடைச்சா போதும், மொத்த பேண்டும் சேலத்து மண்ணின் மைந்தர்கள் ஆயிடும். கர்னாடிக் ராக்னா அகம் பேரை சொல்லி நம்ம பேண்டும்போம், அவங்க பெங்களூர் பேண்ட். அவியல் கேரளா, 2008ல வந்த அவங்க ஆல்பம் முழுக்க மலையாளம், தைக்குடம் பிரிட்ஜும் அந்தப் பக்கம்தான். புடிச்சா கேக்கறதுக்கு ஊர் எதுக்கு, கேட்டுட்டுப் போங்களேன். "தமிழோட முதல் ராக் பேண்ட்"னு யாருக்காவது பட்டம் குடுக்கறதும் வேணாம், முதல்னு எழுதின அன்னைக்கே அதுக்கு முன்னாடி வாசிச்ச ஒருத்தர் வந்து நிப்பாரு. "சேலத்து மெட்டாலிகா" வகையறா பட்டமெல்லாம் அந்தப் பசங்களுக்கே கூச்சமா இருக்கும்.

இதுலயே இன்னொரு வகை இருக்கு, அது கொஞ்சம் சீரியஸ். தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவை "சூப்பர் ராக் பேண்ட்"னு மட்டும் சொல்லி ஷேர் பண்றது. பா. ரஞ்சித்தோட நீலம் அமைப்பும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கின குழு, 2018 ஜனவரில சென்னை கீழ்ப்பாக்கத்துல முதல் கச்சேரி, கானாவும் ராப்பும் ராக்கும் பறையும் ஒண்ணா ஒலிச்ச மேடை. பேரே சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசர் சொன்ன சாதிபேதமற்ற தமிழர்ங்கறதுல இருந்து வந்தது. அதுல கிடார் சோலோவை மட்டும் ரசிச்சுட்டு அவங்க எதைப் பத்தி பாடறாங்கன்னு காதுல வாங்காம, கமெண்ட்ல "மியூசிக்ல அரசியல் வேணாமே ப்ரோ"ன்னு போடறது எல்லாம் கொண்டாட்டமே கிடையாது. பங்க்குக்கும் இதேதான், அதுல கோபத்தை எடுத்துட்டா மிச்சம் கிடார்ல மூணு கார்டுதான் (chord).

காசு மேட்டர். "நம்ம பசங்கதானே, ஒரு பாஸ் போட்டு விடு"ம்போம். நம்ம பசங்கன்னா நம்மதான முதல்ல டிக்கெட் வாங்கணும்? பிராக்டிஸ் பண்ற ஜாம் ரூம் வாடகை, ஆம்ப்ளிஃபயர் வாடகை, டிரம்ஸை ஏத்திட்டு மலையேற வண்டி வாடகை, எல்லாம் போக கைல நிக்கறது டீக்காசு. ஸ்ட்ரீமிங்ல வந்துரும்னு நினைக்காதீங்க. ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டு 30 செகண்டாவது ஓடினாதான் கணக்கு, அதுவும் கடைசி 12 மாசத்துல 1000 தடவை ஓடாத பாட்டுக்கு 2024ல இருந்து ராயல்டியே கிடையாது. சரி அப்போ வால்யூமை கம்மி பண்ணி ராத்திரி பூரா லூப்ல விடுவோம்னு ஃபேன் குரூப்ல கிளம்புவாங்க, தயவு செஞ்சு வேணாம், செயற்கையா ஓட்டறாங்கன்னு கண்டுபிடிச்சா அந்தக் கணக்கை கழிச்சுடுவாங்க, பாட்டையே தூக்கவும் செய்வாங்க. ஒரு டிஷர்ட் வாங்குங்க, பேண்ட்கேம்ப்னு பாட்டு விக்கற சைட்ல இருந்தா காசு குடுத்து டவுன்லோட் பண்ணுங்க.

செல்போன் பத்தி சொல்லாம இருக்க முடியாது. முழு ஷோவையும் கையைத் தூக்கிப் புடிச்சு எடுத்து, பேஸ் கிழிஞ்சு கேக்கற வீடியோவை, இன்னும் ரிலீஸ் ஆகாத பாட்டோட சேர்த்து அன்னைக்கு ராத்திரியே ஏத்தி விடறது. ஒரு பாட்டு எடுங்க, பேண்டுகிட்ட கேட்டுட்டுப் போடுங்க. அதை விட பெரிய தப்பு, போட்டுட்டு கீழ ஒண்ணுமே எழுதாம விடறது. "ஃபயர் ஃபயர் ஃபயர்"னு இருக்கும், எந்தத் தேதி, எந்த இடம், டிரம்ஸ் யாரு, ஒண்ணும் இருக்காது, ரெண்டு வருஷத்துல பேண்ட் கலைஞ்சுட்டா அப்படி ஒரு பேண்ட் இருந்ததுக்கே சாட்சி இல்ல. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன்ல 1980ல சின்னப் பசங்க சேர்ந்து டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ்னு ஒரு இசை வெளியீட்டு கம்பெனி ஆரம்பிச்சு சொந்த ஊர் பங்க் பேண்டுகளை மட்டும் பதிவு பண்ணி வெளியிட்டாங்க, ஃப்யுகாஸின்னு ஒரு பேண்ட் வாசிச்ச ஷோக்கள்ல 800க்கும் மேல ரெக்கார்டிங்கா இன்னைக்கும் இருக்கு, 2014ல அந்த ஊர் பொது நூலகமே நோட்டீஸ், கேசட், போட்டோ எல்லாம் சேர்த்து பங்க் ஆவணக் காப்பகம் திறந்துச்சு. அந்த நோட்டீஸை எல்லாம் அன்னைக்கு யாரோ ஒரு ரசிகன் கிழிச்சுப் போடாம எடுத்து வெச்சிருக்கான் பாருங்க. இங்க ஷோ முடிஞ்சதும் போஸ்டரை எடுத்து தட்டுவடை செட் வெச்சு சாப்பிட்டுட்டுப் போறோம், பீட்ரூட் கறையோட.

ஏற்காடு ஷோன்னா தனியா சில விஷயம் இருக்கு. ஒலி மாசு விதிகள் 2000படி திறந்தவெளில ஸ்பீக்கர் வைக்க எழுத்துல அனுமதி வேணும், ராத்திரி 10ல இருந்து காலை 6 வரைக்கும் கூடாது. 10 மணிக்கு நிறுத்துனதும் "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு"ன்னு அடம் பிடிச்சா மாட்டறது பேண்டும் இடம் குடுத்தவரும்தான், அடுத்த வருஷம் அந்த இடமே கிடைக்காது. சுத்தி இருக்கறது எஸ்டேட், மலை கிராமம், காட்டுமாடு நடமாடற இடம், பாட்டிலை அங்கயே உடைச்சுட்டு வராதீங்க. முக்கியமா, குடிச்சுட்டு பைக்ல அந்த 20 கொண்டை ஊசி வளைவை இறங்கற வேலையே வேணாம். பனி இறங்கினா முன்னாடி போற வண்டி சிவப்பு லைட்டே தெரியாது, ரூம் போட்டு காலைல இறங்குங்க.

கூட்டத்துல மோஷ் பிட் (ஒருத்தரை ஒருத்தர் இடிச்சு ஆடற ஆட்டம்) போடறதுக்கும் ஒரு முறை இருக்கு, கீழ விழுந்தவனை உடனே தூக்கணும், ஓரமா நிக்கறவங்களை உள்ள இழுக்கக் கூடாது, பொண்ணுங்க மேல கை போடறவனை நண்பனா இருந்தாலும் வெளிய அனுப்பணும். வாசல்ல முண்டியடிக்கறது அதை விட ஆபத்து, 2023 நவம்பர்ல கொச்சி குசாட் யூனிவர்சிட்டில நிகழ்ச்சிக்கு உள்ள நுழையற படிக்கட்டு நெரிசல்ல நாலு பேர் செத்துப் போனாங்க.

கடைசியா, ஊர்ப் பாசத்துல எல்லாத்தையும் "செம்ம"ங்கறது. ஒவ்வொரு ஷோவும் செம்மன்னா அவங்களுக்கு எது வேலை செஞ்சுதுன்னே தெரியாது. ரெண்டாவது பாட்டு இழுவையா இருந்துச்சுன்னா நேர்ல சொல்லுங்க, பொதுவுல போட்டு வறுக்க வேணாம். வோக்கல் கேக்கலன்னா மேடையைப் பாத்துக் கத்தாம மிக்சர் பக்கத்துல நிக்கற சவுண்ட் அண்ணன்கிட்ட போய் சொல்லுங்க, முதல் பாட்டு முடியறதுக்குள்ள சொன்னாதான் பிரயோஜனம்.