வன்னி வெக்கையில் ரை பாண்: பலரும் விடும் பிழைகள்

ஜெர்மனியிலிருந்தோ டென்மார்க்கிலிருந்தோ லீவில் வரும் சொந்தக்காரர் ரை (rye என்ற தானியம்) மாவும் கொண்டுவந்து தந்து, போனில் ஒரு செய்முறையும் அனுப்பிவிடுவார்கள். அதை எழுத்துப் பிசகாமல் செய்தாலும் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ பாண் சரிவராது. பிழை உங்கள் கையில் இல்லை. அந்தச் செய்முறை 20 பாகைச் சூட்டில் இருக்கும் குசினிக்கு எழுதியது. இங்கே கோடையில் பகல் 33, 34 பாகை சாதாரணம்.

ஆகவே முதல் பிழை, மணிக்கூட்டை நம்புவது. பாண் பொங்குவதற்காக மாவும் தண்ணீரும் கலந்து புளிக்கவைக்கும் புளிமாவை 16 மணித்தியாலம் வை என்று எழுதியிருக்கும். நம் வெக்கையில் ஐந்து ஆறு மணித்தியாலத்திலேயே அது பொங்கி முடிந்துவிடும். அதற்குப் பிறகும் விட்டால் நடுவில் குழிந்து, தண்ணியாகி, நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல மணக்கும். அப்பத்துக்கு மா கரைக்கிறவர்கள் மணியா பார்க்கிறார்கள்? குமிழையும் மணத்தையும்தானே பார்க்கிறார்கள். இதற்கும் அதுதான் வழி. இரவு முழுக்க வைக்க வேண்டுமென்றால் 200 கிராம் ரை மா, 200 கிராம் தண்ணீருக்குத் தாய்ப் புளிமா (முன்பு புளித்ததில் எடுத்துவைத்தது) 10 கிராம் போதும். கூடவே 4 கிராம் உப்பும் போடுங்கள். புளிமாவிலேயே உப்புச் சேர்த்துப் புளிப்பின் வேகத்தைக் குறைப்பது ஜெர்மன் பேக்கரிகளில் இருக்கிற முறைதான். நம் காலநிலைக்கு அது நன்றாகப் பொருந்துகிறது.

புளிப்பே வேண்டாம், ஈஸ்ட் போட்டுச் சுடுவோம் என்று சிலர் நினைக்கிறார்கள். ரையில் அது எடுபடாது. மாப்பொருளைச் சீனியாக உடைக்கும் அமைலேஸ் நொதியம் ரையில் அதிகம். சூட்டில் மா வேகும் நேரத்திலேயே அது வேலை செய்து பாணின் உள்பக்கத்தைக் களியாக்கிவிடும். அதை அடக்குவது புளிமாவின் அமிலம். ருசி அதற்கு அடுத்ததுதான்.

அடுத்தது, கையில் ஒட்டுகிறதே என்று மாவை அள்ளி அள்ளிப் போடுவது. கோதுமை மாவில் இழுபடும் பசை ரையில் உருவாகாது. பென்டோசன் என்ற பொருள் தண்ணியை உறிஞ்சி வைத்துத்தான் பாணுக்கு உடம்பு கொடுக்கிறது. அதனால் அடித்துப் பிசைந்தும் பயனில்லை. மேலே சொன்ன புளிமாவுடன் 300 கிராம் ரை மா, 200 கிராம் தண்ணீர், 6 கிராம் உப்பு. அகப்பையால் கலந்து, எண்ணெய் பூசிய தகரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு நிரப்பி, நனைத்த கையால் தடவி விடுங்கள். சரி, அவ்வளவுதான்.

இரட்டிப்பாகும் வரை காத்திருக்க வேண்டாம். மேலே கொஞ்சம் மா தூவி வையுங்கள். அந்த வெள்ளைப் பரப்பு வயல் நிலம் போல வெடிக்கத் தொடங்கி, ஊசி குத்தினது மாதிரி இரண்டு மூன்று துளை தெரிந்தால் உடனே ஓவனுக்குள் வையுங்கள். நம் சூட்டில் ஒரு மணித்தியாலம் அளவில் இது நடந்துவிடும். முதல் 15 நிமிடம் 250 பாகை, அப்புறம் 200 பாகையில் முக்கால் மணித்தியாலம். உள்ளே வெப்பமானி 97 காட்ட வேண்டும். நிறத்தைப் பார்த்து இறக்கினால் நடு வேகாமல் போகும்.

மழை வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் அந்தத் தண்ணியைப் புளிமாவுக்கு எடுக்காதீர்கள். கொதிக்கவைத்து ஆறவிட்டதை எடுங்கள்.

ரை தட்டுப்பாடென்று பாதிக்குப் பாதி குரக்கன் கலப்பதும் வேண்டாம். பாண் உதிர்ந்து போகும். ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும் கலந்தால் ருசியும் வரும், பாணும் நிற்கும்.

சுட்ட சூட்டோடு வெட்டுவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் பிழை. கத்தியில் பசையாக ஒட்டும், உடனே பாண் பிழைத்துவிட்டதென்று முடிவு கட்டுவார்கள். துணியில் சுற்றி ஒரு நாள் முழுக்க வையுங்கள். சூடு ஆறமுன் பொலித்தீன் பையில் போட்டால், மாரி காலத்தில் சீக்கிரமே பூஞ்சணம் பிடித்துவிடும்.