பற்று நோட்டிலிருந்து ஒரு கதை: பணத்தாசையை எழுதும் முறை

திருமங்கலத்தில் இருபத்தொன்பது வருடம் மளிகைக் கடை நடத்தினேன். கல்லாவை மகனிடம் விட்ட பிறகுதான் கதை எழுத உட்கார்ந்தேன். முதல் கதையில் ஒருவனுக்கு லாட்டரியில் ஐந்து லட்சம் விழுந்தது. இரண்டாம் பக்கத்தில் குடித்தான், மூன்றாம் பக்கத்தில் மனைவியை அடித்தான். வாசகர் வட்டத்தில் படித்தபோது, தமிழ்நாட்டில் லாட்டரியை 2003-லேயே தடை செய்துவிட்டார்களே என்றார் ஒருவர். அதைத் திருத்திவிடலாம். இன்னொருவர் கேட்டதுதான் உறைத்தது: "அண்ணாச்சி, மறுநாளே கெட்டுப்போகிறவன் முன்னாலேயே கெட்டவன்தானே? பணம் என்ன செய்தது?"

அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறையைச் சொல்கிறேன்.

உங்கள் ஆளுக்கு முதலில் நியாயமான ஓர் ஆசையைக் கொடுங்கள். டால்ஸ்டாய் 1886-இல் எழுதிய 'ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை?' கதையில் எல்லோரும் அவனைப் புதைக்கும் கடைசி ஆறடியைத்தான் பேசுவார்கள். எழுதுகிறவன் படிக்க வேண்டியது முன்பகுதியை. பாகோம் என்ற குடியானவனின் மாடோ குதிரையோ பண்ணைக்காரியின் நிலத்தில் இறங்கினால் காரியஸ்தன் அபராதம் போடுகிறான். இந்தத் தொல்லை பொறுக்காதவன், வாய்ப்பு வந்ததும் கடன்பட்டு நிலம் வாங்குகிறான். இதில் என்ன தப்பு? பிறகு ஊரார் மாடுகள் அவனுடைய புல்லில் மேய்கின்றன. கொஞ்ச காலம் விரட்டிவிட்டுப் பொறுத்துப்போகிறான். அப்புறம் கோர்ட்டுக்குப் போய் அவர்களுக்கு அபராதம் வாங்கிக் கொடுக்கிறான். அன்றைக்கு அவன் வயிற்றெரிச்சலோடு கட்டிய அதே அபராதம்! உங்கள் கதையிலும் ஒருவனை வதைத்த சொல்லைப் பத்துப் பக்கம் தள்ளி அவன் வாயிலேயே வையுங்கள்.

அடுத்தது, பணம் கைக்கு வரும் முன்பே செலவைத் தொடங்குங்கள். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது சுவிட்சர்லாந்தின் டூரன்மாட் எழுதி 1956-இல் மேடையேறிய நாடகம். நொடித்துப்போன ஓர் ஊருக்குப் பெரும் பணக்காரக் கிழவி வருகிறாள். இளமையில் தன்னைக் கைவிட்ட கடைக்காரனைக் கொன்றால் நூறு கோடி என்கிறாள். மேயர் மறுக்கிறார், ஊர் கைதட்டுகிறது. பிறகு அந்தக் கடைக்காரனின் கடைக்கே வந்து, உயர்ந்த பால், சாக்லேட், விலை கூடிய மதுவெல்லாம் கேட்டுக் கணக்கில் எழுதச் சொல்கிறார்கள். அவனும் எழுதிக்கொள்கிறான். திடீரென்று பார்த்தால் எல்லோர் காலிலும் புது மஞ்சள் ஷூ. எதை வைத்துக் கட்டப்போகிறீர்கள் என்று அலறுகிறான். கல்லாவில் உட்கார்ந்த எவனுக்கும் அந்த இடத்தில் முதுகு சில்லிடும். யாரும் அவனைக் கொல்லப்போவதாகச் சொல்லவில்லை. கடன் மட்டும்தான் வாங்கினார்கள்.

அடி விழுவதானால் மிக அருகில் இருப்பவர் மேல் விழட்டும். அமெரிக்க எழுத்தாளர் ஸ்டைன்பெக்கின் 'முத்து' (1947) நாவலில், கினோ என்ற ஏழைக்குப் பெரிய முத்தொன்று கிடைக்கிறது; அதைக் கடலில் எறியப் போன மனைவியைத்தான் அவன் அடிக்கிறான். அதற்கு முன் அவன் போட்ட ஆசைப் பட்டியலில் தேவாலயத்தில் கல்யாணம், புதுத்துணி, மகனுக்குப் படிப்பு இருந்தன. நடுவே ஒரு துப்பாக்கியும் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொண்டது.

தங்கப்பல் வட்டிக்காரரைத் தயவுசெய்து எழுதாதீர்கள். எனக்கு அலுத்துவிட்டது.

கூப்பிடும் முறையையும் கவனியுங்கள். என் வாடிக்கையாளர் ஒருவர், புறவழிச் சாலையை ஒட்டிய நிலத்துக்கு முன்பணம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பிய மாதமே "அண்ணாச்சி"யை விட்டுவிட்டு "கடைக்காரரே" என்றார். முன்பணம் அப்போது வந்திருக்கவில்லை.

அவரை வைத்துத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். பணம் என்ற சொல்லே வராத கதை, பற்று நோட்டின் இரண்டு பக்கங்கள் மட்டும். நீங்களும் ஒருமுறை இப்படி எழுதிப் பாருங்கள். முதல் பக்கத்தில் பாமாயில் அரை லிட்டர், நொய் இரண்டு கிலோ, அம்மாவுக்கு வெற்றிலை பாக்கு. மறுபக்கத்தில் நல்லெண்ணெய் இரண்டு லிட்டர், முந்திரி அரைக் கிலோ, பாசுமதி ஐந்து கிலோ. வெற்றிலை பாக்கு இல்லை. இரண்டு பக்கத்துக்கும் இடையில் ஒரே ஒரு வரி வருகிறது: அம்மாவைக் கைநாட்டு வைக்கப் பத்திர ஆபீசுக்கு அழைத்துப்போன அன்று வாங்கிய சோடா ஒன்று.